மருத்துவச்சியின் குணமும் வேலைத் திறமையும்

ஒரே கல்லூரியில் படித்து, ஒரே பிரசவ அறையில் வேலை பார்க்கும் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரைத் தாய்மார்கள் வாய் நிறைய வாழ்த்துகிறார்கள். இன்னொருவர் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறார்கள். படிப்பு ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் குணத்தில் என்று பட்டென்று சொல்லிவிடுகிறோம். இது எந்த அளவுக்கு உண்மை?

உளவியலாளர்கள் குணத்தை ஐந்து கூறுகளாகப் பிரிக்கிறார்கள்: பொறுப்புணர்வு, இணங்கிப் போகும் தன்மை, கலகலப்பு, புதியவற்றில் நாட்டம், எளிதில் பதறும் தன்மை. 1991இல் பாரிக், மவுண்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 117 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எல்லா வகை வேலைகளிலும் திறமையோடு சேர்ந்தே வந்தது பொறுப்புணர்வுதான். ஆனால் அந்தத் தொடர்பும் மிதமானதே.

பிரசவ அறையில் பொறுப்புணர்வு என்பது பெரிய வீரச்செயல் அல்ல. அலுப்பூட்டும் சின்னச் சின்ன வேலைகள்தான். வலி வந்த பெண்ணின் வயிற்றில் அரை மணிக்கொரு முறை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வேண்டும். கேட்டதை உடனே எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கை கழுவ வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் பகுதியில் வாழ்ந்த மார்த்தா பல்லார்ட் என்ற மருத்துவச்சி 1785 முதல் 1812 வரை நாட்குறிப்பு எழுதினார். 800க்கும் மேற்பட்ட பிரசவங்கள் அதில் பதிவாகியுள்ளன.

பதறாத மனமும் முக்கியம். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு அதிகமானால் சில மணி நேரத்துக்குள் உயிரே போகலாம். அப்போது கை நடுங்கக் கூடாது.

இணங்கிப் போவதுதான் சிக்கலான குணம். தாயிடம் அது அன்பாகத் தெரியும். மேலதிகாரியிடம் அதுவே மௌனமாகிவிடலாம். "இந்தக் கேஸ் இங்கே முடியாது, உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்" என்று அடித்துச் சொல்ல வேண்டிய நேரத்தில் தலையாட்டினால் ஆபத்து. மேலதிகாரி தரும் மதிப்பெண்ணையே திறமை என்று எடுத்துக்கொண்டால், தலையாட்டுபவருக்கே நல்ல பெயர் கிடைக்கும்.

எல்லாவற்றையும் குணத்தின் மேல் போடவும் முடியாது. 1840களில் வியன்னா மருத்துவமனையில் மருத்துவச்சிகளின் வார்டை விட மருத்துவ மாணவர்களின் வார்டில் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். மாணவர்கள் பொறுப்பற்றவர்கள் என்பதா காரணம்? இல்லை. பிணங்களை அறுத்த கையோடு அவர்கள் பிரசவம் பார்க்க வந்தார்கள். 1847இல் செம்மல்வைஸ் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். இறப்பு சட்டென்று குறைந்தது. ஆட்களை மாற்றவில்லை, முறையை மாற்றினார்.

பிரசவ அறையில் பெண்கள் திட்டும் அவமதிப்பும் படக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் அறிக்கை விட்டது. இந்திய அரசு 2018இல் மருத்துவச்சிகளுக்கு 18 மாத சிறப்புப் பயிற்சியை அறிவித்தது. நல்லவைதான். ஆனால் எவ்வளவு பொறுமைசாலியாக இருந்தாலும், ஒரே இரவில் ஒற்றை ஆளாக ஐந்து பேரின் வலியைக் கவனிக்க நேர்ந்தால் அந்தப் பொறுமை எத்தனை மணி வரை தாங்கும்?

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது குணத்தையும் பாருங்கள், தவறில்லை. அந்தக் குணம் வற்றாமல் இருக்கத் துணைக்கு ஆளும் தூங்க நேரமும் கொடுங்கள். அடுத்த முறை "அந்த நர்ஸ் சிடுமூஞ்சி" என்று யாராவது சொன்னால், அன்று அவர் எத்தனையாவது பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் கேளுங்கள்.