ஊருக்கு வேலி

பிள்ளை எந்தப் பள்ளியில் படிப்பான், தாய் எவ்வளவு தொலைவு சென்று வேலை பார்ப்பாள், அவசரத்திற்கு ஓடிவர அண்டையில் யார் இருப்பார் என்பனவற்றை ஒரு குடும்பம் குடியிருக்கும் இடமே பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஆதலால், ஓர் ஊரில் எத்தகைய வீடுகள் கட்டப்படலாம் என்று விதிப்பவர்கள், அங்கே யார் வாழலாம் என்பதையும் சேர்த்தே விதித்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், எங்கள் மகனின் இல்லத்தில் 2025-ஆம் ஆண்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது இவ்வுண்மையை நாங்கள் அண்மையில் நின்று காண நேர்ந்தது.

அந்நாட்டில் குடியிருப்புக்கு இவ்விடம், கடைகளுக்கு இவ்விடம், ஆலைகளுக்கு இவ்விடம் என ஊராட்சிகளே நிலத்தைப் பகுத்து விதி செய்கின்றன. ஆலைப் புகை வீட்டுக்குள் வராமலிருக்க இது தேவையே. ஆனால் அதே விதி ஏழையை வெளியே நிறுத்தும் வேலியாகவும் ஆகக்கூடும். அதற்குப் பெயர்பெற்ற சான்று அம்மாநிலத்திலுள்ள மவுண்ட் லாரல் என்னும் ஊர்.

1950-இல் மூவாயிரத்திற்கும் குறைவான மக்களைக் கொண்டிருந்த அவ்வூர், 1970-க்குள் பதினோராயிரத்தைத் தாண்டியது. புதிய விதிகள் தனி வீடுகளையே பெரிதும் அனுமதித்தன. சில பகுதிகளில் ஏறத்தாழ அரை ஏக்கர் மனை இருந்தால்தான் வீடு கட்டலாம். நிலத்தில் நூற்றுக்கு 29 பங்குக்கு மேல் ஆலைகளுக்கென ஒதுக்கப்பட்டு, பெரும்பகுதி வெறுமையாகக் கிடந்தது. அடுக்ககங்களுக்கு இசைவு அளித்த சில இடங்களிலும் படுக்கையறைகளின் எண்ணிக்கைக்கு வரம்பிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஓரளவுக்கு மேல் வந்தால், அவர்களுடைய கல்விச் செலவைக் கட்டியவரே ஏற்க வேண்டுமென்றார்கள். அங்கே பள்ளிச் செலவின் பெரும்பங்கு வீட்டு வரியிலிருந்தே வருகிறது. எனவே பிள்ளைகள் நிறைந்த எளிய குடும்பம் ஊருக்கு நட்டம் என்று கணக்கிடப்பட்டது. குழந்தையைச் செலவாக எண்ணும் இக்கணக்கைப் படித்தபோது எங்கள் நெஞ்சம் வருந்தியது.

அவ்வூரில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவந்த கறுப்பினக் குடும்பங்களில் சில, கோழிக் கொட்டகைகளைத் திருத்தி அவற்றில் குடியிருந்தன. அவர்களுக்காக 36 எளிய வீடுகள் கட்ட ஒரு குழு திட்டமிட்டது. ஊராட்சி இசையவில்லை. 1970-இல் அம்மக்கள் கூடியிருந்த ஒரு சிறு கோயிலுக்கு வந்த மேயர், இவ்வூரில் வாழ வசதியில்லாதோர் வெளியேற வேண்டியதுதான் என்னும் பொருளில் பேசினார். எத்தல் லாரன்ஸ் என்னும் பெண்மணியும் மற்றவரும் 1971-இல் வழக்குத் தொடுத்தனர். வளரும் ஊர் ஒவ்வொன்றும் தன் வட்டாரத்தின் எளியோர்க்குரிய வீடுகளில் நியாயமான பங்கிற்கு இடமளிக்க வேண்டுமென மாநில உச்ச நீதிமன்றம் 1975-இல் தீர்ப்பளித்தது. ஊர்கள் அசையாமற் போகவே 1983-இல் மேலும் கடுமையாக வலியுறுத்தியது. 1985-இல் அதற்கெனச் சட்டமும் பிறந்தது. ஆயினும், பணம் கொடுத்துத் தம் பொறுப்பில் பாதி வரை வேறோர் ஊருக்குத் தள்ளிவிட அச்சட்டமே வழிவிட்டது. 2008-இல்தான் அவ்வழி அடைபட்டது.

எத்தல் லாரன்ஸ் 1994-இல் காலமானார். அவர் பெயர் தாங்கிய குடியிருப்பில் முதற் குடும்பங்கள் நுழைந்தது 2000-ஆம் ஆண்டில். வழக்குத் தொடுத்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று குழந்தைகளாக இருந்தோர் தாமே பெற்றோராகும் காலம் அது.

2024-இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்தின்படி, மறு பத்தாண்டுக்கான திட்டத்தை ஒவ்வோர் ஊரும் 2025-இல் வகுக்க வேண்டியிருந்தது. மகன் வாழும் ஊரிலும் கூட்டம் நடந்தது. மண்டபம் நிரம்பி வழிந்தது. நெரிசல், வெள்ளநீர், பள்ளியில் இடமின்மை, ஊரின் அமைதி என ஒவ்வொருவரும் எழுந்து பேசினர். ஏழைகள் வேண்டாமென்று ஒருவரும் சொல்லவில்லை. இங்கே வேண்டாமென்றே அனைவரும் சொன்னார்கள். எதிர்ப்பு மனுவில் எங்கள் மகனும் கையெழுத்திட்டிருந்தான்.

"அப்பா, முப்பது வருடக் கடனில் வாங்கிய வீடு இது. விலை இறங்கினால் யார் ஈடு செய்வார்?" என்று கேட்டான். அவன் கல்நெஞ்சன் அல்லன். கடனுக்கு அஞ்சும் குடும்பத் தலைவன். "உன் மகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் காப்பகப் பெண் எங்கே குடியிருக்கிறாள்?" என்று மட்டும் நாங்கள் கேட்டோம். அவன் அறியான். மறுநாள் கேட்டு வந்து சொன்னான்: இரண்டு பேருந்து மாறி, ஒன்றரை மணி நேரப் பயணம். மனுவிலிருந்து அவன் பெயரை நீக்கவில்லை. ஆனால் அது குறித்து முன்போல் உறுதியோடு பேசவும் இல்லை.

அவனுடைய அச்சத்திற்கு விடை இல்லாமற் போகவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் மாசியும் அவர் குழுவினரும் மவுண்ட் லாரல் குடியிருப்பை ஆராய்ந்து, 2013-இல் நூலாக வெளியிட்டனர். 140 வீடுகள் வந்ததனால் குற்றங்கள் பெருகவில்லை, சுற்றுப்புற வீடுகளின் விலை வீழவில்லை, வரியும் ஏறவில்லை. அருகில் அப்படியொரு குடியிருப்பு இருப்பதையே அண்டை வீட்டார் பலர் அறிந்திருக்கவில்லை. அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகளோ முன்னினும் நல்ல பள்ளிகளில் படித்தார்கள்.

எதிர்ப்பாளர் கூறுவன எல்லாம் பொய் என்றும் நாம் தள்ளிவிடலாகாது. தனியார் எழுப்பும் அடுக்ககங்களில் பெரும்பாலும் ஐந்தில் ஒன்றே எளியோர்க்குரியது. ஏனையவை சந்தை விலைக்கே போகின்றன. சில வீடுகளுக்காகப் பெருங் கட்டடத்தை ஏன் தாங்க வேண்டும் என்னும் வினாவில் நியாயம் உண்டு. மழைநீருக்கு வடிகால், சாலைக்கு அகலம், பள்ளிக்கு வகுப்பறை ஆகியவற்றை உறுதியாகக் கேட்பது குடிமக்களின் கடமையே. ஆனால் வடிகால் கேட்பவர், அது அமைந்தபின் வீட்டுக்கு இசைய வேண்டும். ஒரு குறை தீர்ந்ததும் மற்றொன்றைத் தேடுவோர் வடிகாலுக்காகப் பேசவில்லை.

நம் பிள்ளைகளைக் காப்பவரும், நம் முதியோரைக் கழுவித் துடைப்பவரும், கடையில் நமக்குப் பொருள் எடுத்துத் தருபவரும் மாலையானதும் ஊருக்கு வெளியே போய்விட வேண்டுமென்பது ஓர் ஊரின் பண்பாகாது. உழைப்பை ஏற்கும் ஊர், உழைத்தவர் உறங்கவும் இடம் தர வேண்டும். "இங்கே வேண்டாம்" எனும் சொல் நம் நாவில் எழும்போது, "பின் எங்கே?" என்னும் கேள்விக்கும் விடை சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.