வெட்டறதுக்கா, மாட்டறதுக்கா?

“எந்தக் கை?”

கத்தி செய்யச் சொல்லி வருகிறவரிடம் அந்தப் பட்டறைக்காரர் முதலில் கேட்பது இதைத்தான். அரக்கோணத்திலிருந்து திருத்தணி போகும் வழியில், தகரக் கூரை போட்ட கொல்லுப்பட்டறை அது. வந்தவர் இளநீர் வியாபாரி. வலது கை என்றார். நின்று வெட்டுகிறாரா, உட்கார்ந்தா? பச்சைக் காய் அதிகமா, முற்றியதா? பழைய கத்தி எந்த இடத்தில் முதலில் மழுங்கியது? கேள்விகள் தொடர்ந்தன. வியாபாரி பழைய கத்தியை நீட்டினார். அதன் தேய்மானத்தைப் பார்த்தே புதுக் கத்தியின் கனம் எங்கே விழ வேண்டும் என்று முடிவாயிற்று.

கையால் கத்தி செய்யும் எல்லா நாடுகளிலும் ஒரு கேள்வி உண்டு. தனக்கென்று செய்யச் சொல்கிறவருக்கு வேண்டியது தினம் புழங்கும் கருவியா, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கும் பொருளா? இந்தப் பட்டறையில் நான் தேடிப் போனதும் அதற்கான விடையைத்தான்.

இங்கே கூட்டம் கருவியின் பக்கம். சுற்றிலும் நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளையும் பூமி. திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை பக்கத்துத் திருவாலங்காட்டில்தான் இருக்கிறது. கரும்பு வெட்டுகிறவருக்குக் கனம் குறைந்த கத்தி வேண்டும். நாள் முழுக்க வீசினாலும் தோள் தாங்க வேண்டும். கறிக்கடைக்காரருக்கு எலும்பில் இறங்கும் கனம் வேண்டும். வேலி முள்ளைக் கழிக்கிறவர் முனை வளைந்த கொடுவாள் கேட்கிறார். இடது கைக்காரர் வந்தால் வாயின் சரிவையே மறுபக்கம் மாற்ற வேண்டும். பெரிய நகரத்தில் ‘கஸ்டம்’ என்று தனி விலை சொல்லும் வேலை, இங்கே பேச்சோடு பேச்சாக நடந்துவிடுகிறது.

இரும்பு பெரும்பாலும் பழைய லாரிப் பட்டை. நூற்றில் சுமார் 0.6 பங்கு கரி சேர்ந்த ஸ்பிரிங் எஃகு அது; கூர் பிடிக்கவும் ஏற்றது, அதிர்ச்சி தாங்கவும் ஏற்றது. உலையில் சிவக்கக் காய்ச்சி, உளி வைத்து வெட்டி, ஒருவர் குறடால் பிடிக்க இன்னொருவர் சம்மட்டி போடுகிறார். உருவம் வந்தபிறகுதான் நுட்பமான கட்டம்: தோய்ச்சல். கத்தி முழுவதும் தண்ணீருக்குள் போவதில்லை, வாய்ப்பக்கம் மட்டும் இறங்குகிறது. முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்கும்போது, வெளுத்த எஃகில் வைக்கோல் நிறம் படரும், பிறகு பழுப்பு, பிறகு நீலம். எந்த நிறத்தில் நிறுத்த வேண்டும் என்பதைக் கண்தான் சொல்கிறது. முந்திவிட்டால் வாய் உடையும், பிந்திவிட்டால் மடங்கும். சரியாக அமைந்தால் வாய் கடினமாகவும் முதுகு இளக்கமாகவும் நிற்கும்.

இதே நுட்பத்தை உலகின் மறுகோடியில் பரீட்சையாகவே வைத்திருக்கிறார்கள். 1973-இல் பில் மோரன் என்ற அமெரிக்கக் கொல்லர், பலவகை இரும்பை அடுக்கி அடித்து அலையலையாய்க் கோலம் வரும் ‘டமாஸ்கஸ்’ கத்திகளைக் காட்சிக்கு வைத்தார், சேகரிப்பாளர்கள் திரண்டார்கள். அவர் தொடங்கிவைத்த அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் 1976-இல் உருவானது. அதில் தேர்ச்சி பெற ஒருவர் தன் கத்தியால் தொங்கும் ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். மரக்கட்டையை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே வாய் கையிலுள்ள முடியை மழிக்க வேண்டும். கடைசியில் கத்தியை இடுக்கியில் மாட்டி 90 பாகை வளைப்பார்கள், உடையக் கூடாது. வாய் மட்டும் கடினமாகி முதுகு இளகியிருந்தால்தான் அது முடியும். இவ்வளவும் தாண்டியவர் செய்யும் கத்திகளில் பல, பிறகு ஒரு தக்காளியைக்கூட நறுக்காமல் பெட்டிக்குள் இருக்கின்றன.

வெட்டாத கத்தி நமக்கும் புதிதல்ல. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பருக்கு ஆளுயர அரிவாள் வேண்டுதலாக வருகிறது. இங்கே திருத்தணி மலைக்குக் காவடியோடு வேலும் ஏறுகிறது. அவை பக்திக்கு உரியவை, அழகுக்கும் உரியவை. சேகரிப்பு என்பது வேறு கணக்கு. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையை 19-ஆம் நூற்றாண்டில் கலைத்தபோது ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து பிழைத்தது. மிச்சம் உடைபட்டுப் பழைய இரும்பாக விலைபோனது. அரசர் கட்டாரிக்காவது அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தது. கரும்பு வெட்டியவர் கத்தி தேய்ந்து தேய்ந்தே தீர்ந்துபோகிறது.

கத்தி எதற்கு என்ற கேள்வியைச் சட்டமும் கேட்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதக் கணக்கில் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு. 2021 செப்டம்பரில் அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு, வாங்குகிறவரின் பெயர், முகவரி, காரணம் எல்லாவற்றையும் பட்டறைகள் குறித்துவைக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். ஊர் பேர் தெரியாதவர் நீளக் கத்தி கேட்டால் இந்தப் பட்டறைக்காரர் செய்வதில்லை. பெயர் குறிக்கும் நோட்டு வரும் முன்பே அதுதான் தன் வழக்கம் என்கிறார்.

அலைக்கோலம் போட்ட கத்தியின் படத்தைச் செல்போனில் காட்டிக் கேட்டு வருகிற இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் அவர் கேட்பது, “வெட்டறதுக்கா, மாட்டறதுக்கா?” மாட்டத்தான் என்றால் கோபமில்லை. “மாட்டறதுக்கும் வெட்டற கத்திதான் செஞ்சு தருவேன் சார். வேற மாதிரி எனக்குத் தெரியாது.”

இந்தப் பதிலில் பெரிய நியாயம் இருக்கிறது. சேகரிப்பாளர் தரும் மதிப்பும் வெட்டும் திறமையிலிருந்து பிறந்ததே. ஆனால் அமெரிக்கப் பரீட்சையில் தேறியவர் தன் முத்திரையைக் கத்தியில் பதிக்கிறார், அதற்குரிய விலையும் பெறுகிறார். நம் பட்டறைக்காரருக்குக் கிடைப்பது இரும்பு விலையும் அடிகூலியும்தான்; கத்தியில் அவர் பெயர்கூட இல்லை. இந்த அநியாயத்தைத் திருத்த, கத்தியை அலமாரிக்கு அனுப்ப வேண்டியதில்லை. நகரத்திலிருந்து வருகிறவர் தன் கைக்கு ஏற்ற சமையலறைக் கத்தி ஒன்றைச் சொல்லட்டும், பெயரைக் குத்தித் தரக் கேட்கட்டும், அந்தக் கண்ணுக்கும் கைக்கும் சேர்த்து விலை கொடுக்கட்டும். பிறகு அதை நன்றாகப் புழங்கட்டும். அலமாரிக் கத்தி பட்டறைக்கு ஒரு முறைதான் வருமானம். புழங்கும் கத்தி மழுங்கி, காய்ச்சி அடிக்கவும் சாணை பிடிக்கவும் திரும்பத் திரும்ப வரும். புது ஆர்டர் இல்லாத மாதங்களில் உலை எரிவது அந்த வேலையால்தான்.