மனை வாங்கும் முன் மண்ணைப் பாருங்கள்

ஓய்வுக்காலத்தில் குடியிருக்க ஆற்றோரம் மனை வாங்கலாமா என்று விருத்தாசலம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதே கேள்வியோடு அலைந்த ஒரு குடும்பத்தின் கதையே பதில்.

தம்பி பீங்கான் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்ந்தவர். அண்ணன் விவசாயி, மேட்டில் முந்திரி, பள்ளத்தில் நெல். மணிமுத்தாற்றுப் பக்கம் வயதானவர்களுக்கென்றே குடியிருப்பு வருகிறது, சாப்பாடும் அங்கேயே என்று தரகர் சொல்ல, தம்பி ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டார். மீதிச் சேமிப்பும் அதற்குத்தான் போகவிருந்தது. முதுகுன்றம் என்று பழம்பெயர் கொண்ட ஊரில் முதியோருக்கு வீடு, விளம்பரத்துக்குப் பொருத்தம்தான்.

வைகாசியில் இருவரும் மனை பார்க்கப் போனார்கள். ஆறு வெறும் மணலாகக் கிடந்தது.

“இதுல எங்கண்ணே வெள்ளம் வரப்போவுது?”

அண்ணன் பக்கத்து வயலில் தோண்டியிருந்த குழியைக் காட்டினார். மேலே வண்டல், கீழே மணல், மறுபடி வண்டல். “மண்ணுலயே வேலை பாத்தவன் நீ. இது யாரு கொண்டாந்து போட்டதுன்னு தெரியலையாடா?”

சுற்றிலும் ஒரு முந்திரி மரம் இல்லை. வேரில் நீர் தேங்கினால் முந்திரி தாங்காது; அது நிற்பது செம்மண் மேட்டில்தான். தலைமுறையாக நெல் மட்டுமே போட்டு, ஒருவரும் வீடு கட்டாத இடத்துக்குக் காரணம் இருக்கும்.

விருத்தாசலத்தில் தூறல் இல்லாமலே ஆறு பெருகலாம். கல்வராயன் மலையில் கொட்டி, கள்ளக்குறிச்சிப் பக்கம் மணிமுக்தா, கோமுகி அணைகள் நிரம்பித் திறந்தால் தண்ணீர் இங்கேதான் வரும். கூடலையாற்றூரில் சேரும் வெள்ளாறும் நிறைந்து ஓடினால் அது சீக்கிரம் வடியாது. 2015 டிசம்பரில் சென்னை நந்தம்பாக்கத்தில், ஓய்வுபெற்ற படைவீரர் பலர் வாழும் டிபென்ஸ் காலனிக்குள் அடையாறு புகுந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தபோது, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின.

“நூறு வருஷத்துக்கு ஒருமுறை வர்ற வெள்ளம் சார்” என்றார் தரகர். அதன் பொருள் வேறு. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு. அறுபது வயதில் குடியேறி இருபது வருடம் இருப்பவருக்கு அது நூற்றில் பதினெட்டு. முழங்கால் வலிக்காரரும் படுக்கையில் கிடப்பவரும் நள்ளிரவில் மாடியேற முடியுமா? அந்த மனைக்கு வழியே ஒரு தரைப்பாலம்தான். அது மூழ்கினால் ஆம்புலன்ஸ் வராது.

நான்கடி மண் கொட்டி உயர்த்துவதாகவும் சொன்னார்கள். உயர்த்தினால் அந்தத் தண்ணீர் அடுத்தவர் நெல்லில்தானே நிற்கும்? இதை எந்த விளம்பரமும் எழுதுவதில்லை.

வாசகர் அவசரப்பட வேண்டாம். தாலுகா அலுவலகத்தில் புலப்படமும் ‘அ’ பதிவேடும் பார்த்து, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆடு மேய்க்கும் பெரியவர்களிடம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள்.

தம்பி மனையை விட்டுவிட்டார். முன்பணத்தில் பாதிதான் திரும்பியது. அண்ணனின் முந்திரித் தோப்பு ஓரம் இரண்டு அறை வீடு எழும்புகிறது. தண்ணீருக்குத்தான் ஆழமாக போர் போட வேண்டியிருந்தது. ஆற்றோர மனையை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கிவிட்டாராம்.