தரையில் முடிந்த வேலை

இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயிண்ட் சி அணுமின் நிலையத்தில், பெல்ஜியத்தின் சாரன்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான 'பிக் கார்ல்' கிரேன் 2023 டிசம்பரில் 245 டன் எஃகுக் குவிமாடத்தைத் தூக்கி உலைக் கட்டடத்தின் மேல் வைத்தது. எடையைச் சொல்லித்தான் பலரும் வியக்கிறார்கள். 5,000 டன் வரை தூக்கக்கூடிய கிரேனுக்கு அது பெரிய சுமையே இல்லை. என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம் வேறு: குவிமாடத்தின் 38 துண்டுகளையும் தரையிலேயே வெல்டிங் செய்து, 47 மீட்டர் அகலத்துக்கு முழுசாக முடித்து, காற்று அடங்கும் நேரம் பார்த்து ஒரே தூக்காக ஏற்ற முடிந்தது. அந்த உயரத்தில் தொங்கிக்கொண்டு பற்றவைக்கும் ஆபத்து தொழிலாளிக்கு இல்லாமல் போனது.

அப்படியும் திட்டம் தாமதம்தானே, செலவும் எகிறியதே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் பிரிட்டிஷ் விதிகளுக்காக 7,000 வடிவமைப்பு மாற்றங்கள் தேவைப்பட்டன என்கிறது திட்டத்தை நடத்தும் இ.டி.எஃப். அந்தப் பழியைக் கிரேன் மேல் போடுவது நியாயமில்லை.