சோம்பலா, சுரப்பியா?

மனிதனுடைய குணங்களுக்கு உறைவிடம் எது என்னும் வினா மிகப் பழையது. நம் முன்னோர் நெஞ்சத்தைச் சொன்னார்கள். சித்த வைத்தியர்கள் வாதம், பித்தம், கபம் என்று மூன்று கூறுகளைச் சொன்னார்கள். ‘அவனுக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது’ என்று நம் ஊர்களில் இன்றும் பேசக் கேட்கிறோம். அறநெறி இறையியல் பயின்ற நாமோ, அறிவும் மனச்சுதந்திரமும் ஆன்மாவின் ஆற்றல்கள் என்று கற்றோம். இவற்றினிடையே, பட்டாணி அளவேயான ஒரு சுரப்பியையும் அதற்கு மேலுள்ள மூளையின் சிறு பகுதியையும் சுட்டிக்காட்டி, சென்ற நூற்றாண்டின் அறிவியல் வேறொரு விடையைத் தந்தது. அவ்விடை மேய்ப்புப் பணியில் இருப்போர்க்கும் குடும்பம் நடத்துவோர்க்கும் ஒருங்கே தேவைப்படுவது என்பதாலேயே அதனை இங்கு எழுத முற்படுகிறோம்.

குழாய் வழியே செல்லாமல் நேரே இரத்தத்தில் கலக்கும் ஹார்மோன்களைச் சுரக்கும் உறுப்புகளை நாளமில்லாச் சுரப்பிகள் என்கிறோம். கழுத்தின் முன்புறத்துத் தைராய்டும், சிறுநீரகங்களின் மேலமர்ந்த அட்ரினலும் அவற்றுள் அடங்கும். இவற்றுக்குத் தலைமை தாங்குவது மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி என்று பள்ளிப் புத்தகங்கள் கூறும். அத்தலைமைக்கும் மேலே ஓர் அதிகாரம் உண்டா? உண்டு என்றார் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜெப்ரி ஹாரிஸ். பிட்யூட்டரிக்கு மேலே உள்ள ஹைபோதலாமஸ் என்னும் மூளைப்பகுதி, நுண்ணிய இரத்தக் குழாய்களின் வழியே வேதிப்பொருள்களை அனுப்பி அதனை ஆள்கிறது என்பது 1940களிலும் 1950களிலும் அவர் வாதிட்ட கொள்கை. ஆனால் அந்த வேதிப்பொருளைக் கண்டவர் எவருமில்லை.

அதனைத் தேடிப் புறப்பட்டவர்களுள் இருவர் முதன்மையானவர்கள். ஒருவர் பிரான்சு நாட்டின் டிஜோன் நகரில் பிறந்த ரோஜர் கியமென். மற்றவர் அன்று போலந்துக்குரியதாயிருந்த வில்னோ நகரில் பிறந்த ஆண்ட்ரூ ஷாலி. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1957 முதல் 1962 வரை இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் உழைத்தார்கள். பின்னர்ப் பிரிந்து, ஒருவரை ஒருவர் முந்த முயன்றார்கள். கியமென் செம்மறியாட்டு மூளைகளையும் ஷாலி பன்றி மூளைகளையும் இறைச்சிக் கூடங்களிலிருந்து திரட்டினார்கள். ஆட்டுச் சந்தைகளைக் கண்டு பழகிய நம் புதுக்கோட்டை மாவட்டத்தார்க்கு அதன் அளவைச் சொன்னால் விளங்கும்: மூன்று இலட்சம் ஆடுகளின் மூளைத் துணுக்குகளை அரைத்து, வடித்து, பிரித்த பின்னர், 1968இல் கியமென் குழுவினர்க்குக் கிடைத்தது ஒரே ஒரு மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாத அளவு அது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை விடுவிக்குமாறு பிட்யூட்டரிக்குச் சொல்லும் அப்பொருள், மூன்றே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம் என்பது 1969இல் இரு குழுக்களாலும் வெளியாயிற்று. 1977இல் மருத்துவத்திற்கான நோபெல் பரிசின் ஒரு பாதியை அவ்விருவரும், மறுபாதியை ரோசலின் யாலோ என்னும் அம்மையாரும் பெற்றனர். இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் ஹார்மோனையும் அளந்தறியும் முறையைத் தந்தவர் யாலோ. கியமென் தம் நூறாம் வயதிலும் ஷாலி தொண்ணூற்றேழாம் வயதிலும், ஒரே ஆண்டாகிய 2024இல் மறைந்தார்கள்.

இந்த ஏற்பாட்டை நம் கண்மாய்ப் பாசனத்தைக் கொண்டு விளக்கலாம். வயல் காய்கிறது என்று ஊர்ப் பெரியவர் சொல்லியனுப்ப, மடையைக் காப்பவர் மடைப்பலகையைத் தூக்குகிறார், தண்ணீர் பாய்கிறது. வயல் நிறைந்ததும் அச்செய்தி பெரியவர்க்கும் மடைகாப்பவர்க்கும் திரும்பிச் செல்ல, மடை அடைபடுகிறது. ஹைபோதலாமஸ் சொல்ல, பிட்யூட்டரி கேட்டுத் தைராய்டைத் தூண்ட, தைராய்டு தன் ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது போதிய அளவு ஆனதும் மேலிருந்து வரும் ஆணை தணிகிறது. கண்மாயில் நீரே இல்லையெனில் என்னாகும்? ஆணைமேல் ஆணை வரும், வயலோ காயும்.

இமயமலைச் சாரலில், இன்றைய இமாசலப் பிரதேசத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் அதுவே நிகழ்ந்தது. தைராய்டு தன் ஹார்மோனை ஆக்குவதற்கு அயோடின் வேண்டும்; அம்மண்ணிலோ அது மிகக் குறைவு. பிட்யூட்டரி ஓயாமல் தூண்ட, மூலப்பொருளற்ற சுரப்பி வீங்கிப் பருத்தது. அதுவே முன்கழுத்துக் கழலை. கருவிலேயே இக்குறைக்கு ஆளாகும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியும் குன்றும். ஆந்திர நாட்டில் பிறந்த மருத்துவ அறிஞர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய தோழர்களும் 1956இல் அப்பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டில் அயோடின் சேர்த்த உப்பையும் ஒன்றில் வெறும் உப்பையும் வழங்கினார்கள். சில ஆண்டுகளில் முன்னிரண்டிலும் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் இந்திய அரசு கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தலைவிதி என்று தலைமுறை தலைமுறையாகச் சுமந்ததை ஒரு பிடி உப்பு மாற்றியது.

இனி நம் அனுபவத்திற்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், இம்மாவட்டத்தின் வறண்ட பகுதியிலுள்ள ஒரு பங்கில் நாம் பணியாற்றினோம். வெளிநாட்டில் வேலைபார்க்கும் ஒருவருடைய மனைவியை அவருடைய மாமியார் நம்மிடம் அழைத்துவந்தார். (அப்பெண்ணின் இசைவுடனேயே இதனை எழுதுகிறோம்.) குழந்தை பிறந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. “சாமி, பொழுது விடிஞ்சு இவ எந்திரிக்கிறதே இல்ல. பிள்ளை அழுதாலும் எடுக்க மாட்டேங்குறா. ஏதோ அண்டியிருக்கு, மந்திரிச்சு விடுங்க” என்றார் மாமியார். ஊரார் அதனைச் சோம்பல் என்றார்கள். கணவரோ தொலைபேசியில் திமிர் என்றார். அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. முகம் சற்று வீங்கியிருந்தது; குரல் கரகரத்தது. சித்திரை வெயிலிலும் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்.

நாம் அவர் தலைமேல் கைவைத்துச் செபித்தோம். பின்னர்க் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து, அவருடன் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரத்தச் சோதனையில், தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன் இயல்பினும் பன்மடங்கு உயர்ந்திருந்தது. ஆணை இடியென முழங்கியும் சுரப்பி வாளாவிருந்தது. மகப்பேற்றுக்குப் பின் முதல் ஆண்டில் சில தாய்மார்க்கு இவ்வாறு நேர்வதுண்டு என்று மருத்துவர் விளக்கி, காலையில் வெறும் வயிற்றில் உட்கொள்ள மாத்திரை தந்தார். சில மாதங்களில் அவர் தேறினார்.

ஆயினும் நம் நெஞ்சைவிட்டு அகலாதது அவர் நலம் பெற்றதன்று. மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்ட ஒரு கேள்வியே. “அப்ப, நான் கெட்ட தாய் இல்லையா சாமி?” எட்டு மாதங்களாக ஊர் சொன்னதை அவரும் நம்பியிருந்தார். நோய் உடலை வாட்டியது. தீர்ப்போ உயிரையே வாட்டியிருந்தது.

தலையான பாவங்கள் ஏழனுள் சோம்பலும் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். சாவான பாவத்திற்கு முழு அறிவும் முழு மனச்சம்மதமும் வேண்டும் என்பதும் அதே ஞானோபதேசம் கற்பிப்பதே. முன்னதைப் பிறர்மேல் சுமத்தும் நாம் பின்னதை மறந்துவிடுகிறோம். எழ இயலாமைக்கும் எழ மறுப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை வெளியிலிருந்து காண்பது எளிதன்று. குருமட வகுப்பில் நாம் நூல்வழிக் கற்ற அக்கோட்பாட்டை, ஒரு மில்லிகிராம் பொருளுக்காக உழைத்த ஆய்வாளர்கள் இரத்தத் துளியில் காட்டினார்கள்.

அப்படியானால் எல்லாம் சுரப்பிகளின் செயலே, பாவமும் புண்ணியமும் பழங்கதை என்று கொள்ளலாமா? அதுவும் பொருந்தாது. ஹைபோதலாமசின் மறைபொருளை வெளிக்கொணர்ந்த இருவரே இதற்குச் சான்று. அவர்களுடைய போட்டி ஒரு தனி நூலுக்கே பொருளாகும் அளவுக்கு உலகறிந்தது. அதற்கு எந்தச் சுரப்பி காரணம் என்று எவரும் ஆய்ந்து சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. தோல்விகளுக்கிடையே ஆண்டுக்கணக்கில் ஆட்டு மூளையை அரைத்துக்கொண்டிருந்த பொறுமையும், உடன் உழைத்தவரை முந்தவேண்டும் என்னும் வேட்கையும் அவர்கள் தேர்ந்துகொண்டவை. உடல் நமக்கு வயலைத் தருகிறது. வயல் காய்ந்தும் இருக்கலாம், நிறைந்தும் இருக்கலாம். அதில் எதை விதைக்கிறோம் என்பதே நம்மிடம் கேட்கப்படும் கணக்கு. காய்ந்த வயலுக்கு உரியவரிடம் விளைச்சல் எங்கே என்று கேட்பவன் நீதிமானல்லன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தைராய்டுக் குறை ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. நம் வீடுகளிலோ பெண்ணின் களைப்பு குற்றமாக எண்ணப்படுகிறது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பெண்கள் கல்லூரிப் படியேறுவதே அரிதாயிருந்த காலத்தில் இவ்வூர் மகாராஜா கல்லூரியில் பயின்று, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவர் பிறந்த மாவட்டத்திலேயே ஒரு தாயின் களைப்பைப் பேயென்று சொல்லும் நிலை இன்னும் நீடிப்பது நமக்குத் தகுமா?

ஆகவே அன்பு வாசகர்களே, நம் வீட்டில் ஒருவர் நேற்றுவரை இருந்ததுபோல் இன்று இல்லையெனில், அவரைப் பழிக்குமுன் அருகமர்ந்து கேட்போம். குளிர்கிறதா, முடி கொட்டுகிறதா, மனம் எதிலும் ஒட்டவில்லையா என்று விசாரிப்போம். மருத்துவமனைக்கு உடன் செல்வோம். செபத்தையும் விட்டுவிட வேண்டாம். மனிதர் உள்ளத்தை முழுதும் அறிந்து தீர்ப்பிடுபவர் ஒருவரே. நமக்கு விடப்பட்டிருப்பது உடனிருப்பது.