"தானா இறங்கிடும்"

நண்பர்களே, இன்னைக்கு கொஞ்சம் கூச்சமான விஷயம். கிளாஸ்ல யாரும் கிண்டல் பண்ண மாட்டீங்க என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன் :)

நான் பிறந்தபோதே ஒரு பக்க விதை விதைப்பைக்குள் இல்லை. குளிப்பாட்டும்போது பாட்டிதான் கவனித்திருக்கிறார். "வளர வளர தானா இறங்கிடும்" என்று சொல்லிவிட்டார். டாக்டரிடம் கேட்க அம்மாவுக்கு வெட்கம். விவரம் தெரிந்த பிறகு எனக்கும் வெட்கம். 14 வயதில் தொடையிடுக்கில் வீக்கம் வந்து, குடலிறக்கம் என்று போனபோதுதான் டாக்டர் கண்டுபிடித்தார்.

பாட்டி சொன்னது பாதி உண்மை. விதைகள் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்குள் கீழே வர வேண்டும். நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் 100க்கு சுமார் 3 பேருக்கு வருவதில்லை. குறைமாதக் குழந்தைகளில் இது இன்னும் அதிகம். பலருக்கு முதல் சில மாதங்களிலேயே இறங்கிவிடும். ஆனால் 6 மாதம் தாண்டினால் அநேகமாக இறங்காது. அதனால்தான் 18 மாதத்துக்குள் ஆபரேஷனை முடிக்கச் சொல்கிறார்கள். உள்ளே இருக்கும் சூடு விதைக்கு ஆகாது. விந்தணு உற்பத்தி கெடும்.

ஆபரேஷன் பெயர் ஆர்க்கிடோபெக்சி. தொடையிடுக்கில் சின்னதாகக் கீறி, விதையை ரத்தக்குழாயோடு பக்குவமாக விடுவித்து, விதைப்பைக்குள் இறக்கி நிலைநிறுத்துவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

2007ல் வெளிவந்த ஒரு ஸ்வீடன் ஆய்வு என் தூக்கத்தைக் கெடுத்தது. 13 வயதுக்குள் ஆபரேஷன் செய்தவர்களுக்கு விதைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 2 மடங்குக்குச் சற்று மேல். அதற்குப் பிறகு செய்தவர்களுக்கு 5 மடங்குக்கும் மேல். நான் இரண்டாவது கோஷ்டி! அரிதான நோய்தான், சீக்கிரம் பார்த்தால் குணமாகும். இருந்தாலும் மாதம் ஒருமுறை கட்டி ஏதாவது இருக்கிறதா என்று நானே தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

போன வருஷம் அக்கா பையனுக்கும் இதே பிரச்சினை. வயது 8 மாதம். பாட்டி அதே வசனத்தை ஆரம்பித்தார். எல்லோரும் இருந்த ஹாலில், என் கதையை முதல் தடவையாகச் சத்தமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பாட்டியே, "நல்ல டாக்டரா பாருடா" என்றார்.

ஒரு வயதுக்குள் ஆபரேஷன் முடிந்தது. பயல் இப்போது வீடு முழுக்க ஓடுகிறான்.

உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், கூச்சப்படாமல் ஒரு வார்த்தை கேளுங்கள்.