ஒருபகற் கொடை

மழைக்காலம் ஓய்ந்தது. தென்னந்தமானின் பெரார்கஞ்சில் தெங்கும் கமுகும் நீர் சொட்டி முடித்தன. காடும் கடலும் ஒருசேர இருண்ட மார்கழி முன்னிரவில், கார்த்திகை மீனுக்கு வடபால் நிற்கின்றது பெர்சியசு என்னும் மீன்குழு. ஏறத்தாழ மூன்று நாளுக்கு ஒருமுறை மங்கித் தெளியும் அல்கோல் அதன் அடையாளம். அம்மீனுக்கு அயலே, வெறுங்கண் எட்டாச் சேய்மையில், ஆயிரத்தினும் மிக்க விண்மீன் பேரடைகள் குழுமிய பெருங்கொத்து ஒன்று உளது. அதனகத்தே, என்.ஜி.சி. 1277 என எண்ணையே பெயராய்ப் பெற்றோய்! நின்னை நினைந்து கையற்றேம்.

1875 டிசம்பரில் அயர்லாந்தின் லாரன்சு பார்சன்சு நின்னைக் கண்டார். கண்டது மங்கிய சிறு பொட்டு. அப்பொட்டினுள் கிடந்த செல்வம் அன்று யார் அறிந்தார்? எம் பால்வீதியினும் இருமடங்கு மீன்களை, அதன் காற்பங்கு அளவினுள் அடக்கியோய்! நின் மேனி வில்லை. நடுவே திரண்டு விளிம்பில் மெலிந்தது. ஆங்குச் சுருட்கைகள் இல்லை. கருவுறும் முகில் இல்லை. நீலம் பூத்த இளமீன் இல்லை. செம்மை முதிர்ந்த மூத்தோரே எங்கணும்.

ஆயிரங்கோடி ஆண்டுகளுக்கு முன் நீ இவ்வாறு இருந்தாய் அல்லை. எம் பால்வீதி இன்று ஈனும் விரைவினும் ஆயிரமடங்கு விரைந்து மீன்களை ஈன்றாய். நாளை என்னும் சொல் அறியா வள்ளலாய், வைப்பு ஒன்றும் வையாது வழங்கினாய். வழங்கி வறியை ஆயினாய்.

சுற்றமோ பெரிது, துணையோ இல்லை. மணிக்கு 32 லட்சம் கிலோமீட்டர் விரைந்து கொத்தினூடே செல்கின்றாய். பிற பேரடையைத் தழுவிப் புதுவளம் பெற அவ்விரைவு விடவில்லை. இடைவெளியெங்கும் வளி உண்டு. ஆயின் பல கோடி பாகையில் கொதிக்கும் வளி அது. குளிர்ந்தாலன்றி வளி மீனாய்த் திரளாது. கடல் சூழ்ந்தும் உண்ணுநீர் வற்றிய தீவினைப் போன்றாய்.

அவ்வெவ்வளியை எமக்குத் துலக்கியது, வானியற்பியலறிஞர் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்சுகதிர்த் தொலைநோக்கி. கொத்தின் நடுவிருந்து எழும் ஒலியலைகளையும் அது காட்டியதை 2003-இல் உலகறிந்தது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 96 லட்சம் ஆண்டுகள். சாக்காட்டுப் பறைக்கு இதனினும் நெடிய தாளம் உண்டோ?

நீ மாய்ந்தாய் அல்லை. எம் ஞாயிறு அவிந்த பின்னும் நின் சிறுமீன்கள் நெடுங்காலம் எரியும். இன்று எம்மை அடையும் நின் ஒளி சுமார் 22 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அன்று இந்த அந்தமான் தீவே இல்லை. ஒளி உண்டு, உரு உண்டு. பிறப்பு ஒன்றே இல்லை. அதற்கே இவ்விரங்கல்.

மன்னர் மாய்ந்தக்கால் புலவர் அவர்தம் கொடையைச் சொல்லி அழுதனர். யாமோ நின் கொடையின் விரைவைச் சொல்லி அழுகின்றேம். எம் பால்வீதி கை இறுகியது; ஆண்டுக்கு ஓரிரு ஞாயிற்றின் நிறையே ஈவது. அச்சிக்கனத்தால், அது முதிர்ந்து நெடுங்காலம் கழிந்தும், 460 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு முகில் எஞ்சி நின்றது. அம்முகிலில் பிறந்ததே எம் ஞாயிறு. அதன் வெம்மையில் விளைந்தேம் யாம். நீயும் ஒருபிடி முகிலைப் பின்னாளுக்கென வைத்திருந்தாயேல், நின்னைப் பாட நின்னகத்தே ஒருவர் தோன்றியிருக்கலாம். வள்ளலே, நின் மனையில் அழுவார் இலர். பிறிதொன்றன் சிக்கனத்தால் பிழைத்த யாமே நினக்கு அழுவோர்.